முழுத் தாடைக்கும் பல்: முறை எது, நாடு எது, பிறகு பார்ப்பவர் யார்?

பற்கள் மொத்தமாகப் போய்விட்டவர், அல்லது மிச்சம் இருப்பதும் ஆடத் தொடங்கிவிட்டவர், இன்று முதலில் செய்வது விலை விசாரிப்பது. முழுத் தாடையையும் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேயை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். இஸ்தான்புல், புடாபெஸ்ட், கான்கூன், பாங்காக், சென்னை என எங்கிருந்தும் மறுநாளே பதில் வருகிறது. ‘ஆல்-ஆன்-ஃபோர், ஒரு தாடைக்கு இவ்வளவு, ஓட்டலும் விமான நிலையக் காரும் உட்பட.’ இப்படி வந்த மூன்று தாள்களை அருகருகே வைத்தால் தொகை மட்டும்தான் வேறுபடுவதாகத் தெரியும். ஆனால் அவை மூன்றும் வெவ்வேறு பொருளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கலாம். ஒன்றில் கடைசியாக வாயில் நிற்கப்போவது அக்ரிலிக் பல், இன்னொன்றில் ஜிர்கோனியா. ஒன்றில் முதல் பயணத்தில் வைக்கும் தற்காலிகப் பல்லுக்கு மட்டுமே விலை. நிரந்தரப் பல்லுக்கு அடுத்த பயணத்தில் தனிக் கணக்கு. ஒன்றில் பல் பிடுங்குவதும் ஸ்கேனும் அடக்கம், மற்றொன்றில் இல்லை. எலும்பில் வைக்கும் திருகு, அதாவது இம்ப்ளான்ட், எந்தக் கம்பெனியுடையது என்பது பல தாள்களில் எழுதப்பட்டிருப்பதே இல்லை.

பெரும்பாலானோர் இந்தக் கேள்வியை ஒரே வரிசையில்தான் அணுகுகிறார்கள்: முதலில் நாடு, அடுத்து விலை, அதன் பிறகு அங்குள்ள டாக்டர் சொல்லும் முறை. ஊர் திரும்பிய பிறகு அந்தப் பல்லைப் பார்த்துக்கொள்ளப்போவது யார் என்பது கோளாறு வந்த பிறகுதான் நினைவுக்கு வருகிறது. இந்த வரிசை அப்படியே திரும்ப வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அறுவை சிகிச்சை ஒரு நாள் வேலை. பராமரிப்பு ஆயுள் முழுக்க நீளும் வேலை. நாம் வாழும் ஊரில், போய் வரக்கூடிய தூரத்தில், யாரால் இதைக் கழற்றிச் சுத்தம் செய்து பழுது பார்க்க முடியும் என்பதில் தொடங்க வேண்டும். அதற்கு ஏற்ற முறையை அடுத்துத் தேர்ந்தெடுத்து, நாட்டைக் கடைசியில் முடிவு செய்யலாம்.

வெளிநாடு போவோரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. அமெரிக்காவில் ஒரு தாடைக்கு நிலையான பல் கட்ட 20,000 டாலருக்கு மேல் கேட்பது சாதாரணம்; இரண்டு தாடைக்கும் என்றால் அது பல குடும்பங்களின் ஓராண்டு வருமானத்தில் பெரும் பங்கை விழுங்கிவிடும். முதியோருக்கான மெடிகேர் அடிப்படைத் திட்டம் இதற்குப் பணம் தருவதில்லை. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை, புற்றுநோய், விபத்து போன்ற விதிவிலக்கான நிலைகளில்தான் இம்ப்ளான்ட் வைக்கிறது. கனடா அரசு அண்மையில் கொண்டுவந்த பல் பராமரிப்புத் திட்டத்திலும் இம்ப்ளான்ட் சேராது. அறுபது வயதுக்கு மேல், மெல்ல முடியாமல், நாலு பேர் முன்னால் சிரிக்கக் கூச்சப்பட்டு வாழ்பவர் விமானம் ஏறுவது பேராசையால் அல்ல, வேறு வழியில்லாததால்.

இந்தச் சிகிச்சையின் வேர் ஸ்வீடனில் இருக்கிறது. 1952இல் பெர்-இங்வர் பிரோனமார்க் என்ற ஆய்வாளர், முயலின் எலும்புக்குள் ரத்த ஓட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்க டைட்டானியத்தால் ஆன சிறு கருவி ஒன்றைப் பொருத்தியிருந்தார். ஆய்வு முடிந்து அதை எடுக்கப் போனால் வரவில்லை. எலும்பு டைட்டானியத்தோடு ஒன்றிப் போயிருந்தது. 1965இல் கோத்தன்பர்க்கில் கோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் முதன்முதலாக டைட்டானியத் திருகுகளை வைத்துப் பல் கட்டினார். 2006இல் லார்சன் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், அவை வேலை செய்தன. இம்ப்ளான்ட் ஆயுளுக்கும் நிற்கும் என்று விளம்பரங்கள் சொல்வதற்கு அடியில் இருக்கும் உண்மை இதுதான். ஆனால் லார்சன் தன்னைப் பார்த்துக்கொள்ளும் டாக்டர்கள் இருந்த நாட்டிலேயே வாழ்ந்தவர். அந்த இரண்டாவது பாதியை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

எந்த முறை என்று பார்ப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: எல்லாப் பற்களையும் எடுக்கத்தான் வேண்டுமா? வெளிநாட்டுச் சிகிச்சையில் மனம் நோகச் செய்யும் தவறுகள் இந்த இடத்தில்தான் நடக்கின்றன. ஐந்து நாளில் எல்லாவற்றையும் முடித்து அனுப்ப வேண்டிய மருத்துவமனைக்கு, ஈறு நோய்க்கு ஆறு மாதம் வைத்தியம் பார்த்து, நான்கு பற்களுக்கு வேர் சிகிச்சை செய்து, மீதியைக் காப்பாற்றிக் கொடுக்க நேரமில்லை. மொத்தமாக எடுத்துவிட்டு நான்கு திருகு வைப்பதுதான் அந்தக் கால அட்டவணைக்குள் அடங்கும். ஆகவே பல் பிடுங்குவது பற்றிய முடிவை, பிடுங்குவதாலோ பிடுங்காததாலோ எந்த லாபமும் இல்லாத ஒரு டாக்டரிடம், சொந்த ஊரிலேயே, ஈறின் ஆழத்தை அளந்து பார்த்து எடுப்பது நல்லது. கீழே உறுதியான ஆறு பற்கள் இருப்பவருக்கு மேல்தாடைக்கு மட்டும் சிகிச்சை போதுமாக இருக்கலாம். எடுத்த பல்லை யாராலும் திரும்ப வைக்க முடியாது.

பல் போன இடத்தில் எலும்பு கரையத் தொடங்குகிறது. முதல் ஆண்டில் வேகமாக, பிறகு மெதுவாக, ஆனால் நிற்காமல். மேல்தாடையின் பின்பகுதியில் மேலே சைனஸ் என்ற காற்றறை இருக்கிறது. எலும்பு கீழிருந்து கரைய, அந்த அறை மேலிருந்து இறங்க, கடைவாய்ப் பகுதியில் சில மில்லிமீட்டர் எலும்பே மிஞ்சும். கீழ்த்தாடையின் பின்பகுதியில் உதட்டுக்கும் தாடைக்கும் உணர்வு தரும் நரம்பு ஓடுகிறது. அதைத் தொட்டால் உதடு மரத்துப்போகும். இரண்டு தாடையிலும் முன்பகுதி எலும்புதான் பெரும்பாலும் மிஞ்சுவது. முழுத் தாடைக்கான முறைகள் அனைத்தும் இந்த உடற்கூற்றுக்குச் சொல்லப்பட்ட வெவ்வேறு பதில்கள். ஓபிஜி எக்ஸ்ரே உயரத்தைக் காட்டும், எலும்பின் அகலத்தைக் காட்டாது. எலும்பை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் பார்க்காமல் வாட்ஸ்அப்பில் ‘உங்களுக்கு நான்கு போதும்’ என்று எழுதுபவர் ஊகித்துத்தான் எழுதுகிறார்.

முறைகளில் மிகவும் குறைத்து மதிப்பிடப்படுவது, இம்ப்ளான்ட் மேல் கழற்றி மாட்டும் பல்செட். கீழ்த்தாடையின் முன்பகுதியில் இரண்டு திருகுகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பித்தான், பல்செட்டின் அடியில் அதற்குப் பொருந்தும் நைலான் வளையம். அழுத்தினால் ‘டக்’ என்று மாட்டிக்கொள்ளும். இரவில் கழற்றிக் குழாயடியில் தேய்த்துக் கழுவலாம். 2002இல் மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு முதல் தேர்வாக இருக்க வேண்டியது சாதாரண பல்செட் அல்ல, இந்த இரண்டு திருகு முறைதான் என்று அறிவித்தார்கள். 2009இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் வெளியான அறிக்கையும் அதையே வழிமொழிந்தது. கீழ்ப் பல்செட் நாக்கு அசைந்தாலே தூக்கிக்கொண்டு வரும் அவஸ்தையை அனுபவித்தவர்களுக்கு இரண்டே திருகு எவ்வளவு பெரிய மாற்றம் என்பது புரியும்.

வெளிநாட்டுச் சிகிச்சை என்ற கோணத்திலும் இதற்கு ஒரு பெரிய சாதகம் இருக்கிறது. நைலான் வளையம் தேய்ந்தால் மாற்றுவது சில நிமிட வேலை. பல்செட் உடைந்தால் எந்த ஊர் லேபிலும் ஒட்டித் தருவார்கள். ஒரு திருகு தோற்றாலும் பல்செட் அப்படியே பல்செட்டாக இருக்கும். நோயாளி பல் இல்லாமல் நிற்கமாட்டார். கை நடுங்கும் வயதில் மகளோ மருமகனோ கழற்றிக் கழுவித் தரலாம். விளம்பரத்தில் இது அதிகம் வராததற்குக் காரணம், செலவு குறைவு, பார்வைக்கு அதிசயம் எதுவும் இல்லை என்பதுதான். மேல்தாடைக்கு மட்டும் இரண்டு போதாது. எலும்பு மென்மையாக இருப்பதால் நான்கு தேவைப்படும். ‘கழற்றி மாட்டுவதே எனக்கு வேண்டாம், தூங்கும்போதும் வாயில் பல் இருக்க வேண்டும்’ என்று மனம் உறுதியாகச் சொல்பவருக்கு இது பதில் அல்ல. அந்த விருப்பமும் நியாயமானதே.

அப்படிப்பட்டவர்களுக்கு இன்று உலகெங்கும் விற்கப்படுவது ஆல்-ஆன்-ஃபோர். லிஸ்பனில் பாவ்லோ மாலோ என்ற போர்ச்சுகீசிய டாக்டரும் அவர் குழுவினரும் உருவாக்கி, 2003இல் கீழ்த்தாடைக்கான முதல் ஆய்வை வெளியிட்டார்கள். முன்னால் இரண்டு திருகுகள் நேராக. பின்னால் இரண்டு, 45 பாகை வரை சாய்வாக. சாய்வதால் கீழே நரம்பையும் மேலே சைனஸையும் தொடாமல் நீளமான திருகு வைக்க முடிகிறது. அதன் தலை பின்பக்கமாக வெளியே வருவதால் கடைவாய்ப் பல்லுக்கும் ஓரளவு தாங்கல் கிடைக்கிறது. எலும்பு ஒட்டும் அறுவை சிகிச்சையைப் பெரும்பாலோருக்குத் தவிர்த்துவிடலாம் என்பதே இதன் பெரிய கொடை. வைக்கும்போது திருகு 35 நியூட்டன் சென்டிமீட்டர் அளவுக்கு இறுகிப் பிடித்தால் அன்றோ மறுநாளோ தற்காலிகப் பல்லையும் மாட்டிவிடலாம். பிடிக்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டும். ‘ஒரே நாளில் பல்’ என்பது அறுவை சிகிச்சை மேசையில் தெரியவரும் விஷயம். முன்கூட்டியே யாராலும் உறுதி கொடுக்க முடியாது.

மாலோ குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில் 245 பேருக்குக் கீழ்த்தாடையில் வைத்த 980 திருகுகளைப் பத்தாண்டு வரை தொடர்ந்து பார்த்தார்கள். திருகுகளில் சுமார் 95 சதவீதம் வெற்றி. பல்வரிசை 99 சதவீதம் தாக்குப்பிடித்தது. நல்ல எண்கள்தான், நம்பத் தகுந்தவையும்கூட. ஆனால் மூன்று விஷயங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். இது கீழ்த்தாடை, மேல்தாடையின் எலும்பு இவ்வளவு கெட்டி இல்லை. வைத்தவர்கள் இந்த முறையை உருவாக்கியவர்களே, கைத்தேர்ச்சியின் உச்சியில் இருந்தவர்கள். மேலும், பல்வரிசை தாக்குப்பிடித்தது என்றால் இடையில் எதுவுமே உடையவில்லை என்று பொருள் அல்ல. அக்ரிலிக் பல் தெறிப்பது, திருகு தளர்வது எல்லாம் இந்தச் சிகிச்சையில் அன்றாட நிகழ்ச்சி. பக்கத்தில் டாக்டர் இருந்தால் அது சிறு வேலை. மூவாயிரம் மைல் தள்ளி இருந்தால் அதற்கு ஒரு விமான டிக்கெட் வேண்டும்.

நான்கா ஆறா என்பது அடுத்த விவாதம். நான்கில் ஒன்று தோற்றால் மூன்று மிஞ்சும். மேல்தாடையில் மூன்றை நம்பிப் பல்வரிசையை நிறுத்த டாக்டர்கள் தயங்குவார்கள். ஆறில் ஒன்று தோற்றால் ஐந்து மிஞ்சும், பல்வரிசையும் பெரும்பாலும் தப்பும். கடைசித் திருகுக்கு அப்பால் நீளும் பல்வரிசை, சுவரிலிருந்து வெளியே நீளும் சன்ஷேடு பலகை போன்றது. நீளம் கூடக்கூட வேரில் விழும் பளு கூடும். ஆறு இருந்தால் அந்த நீளம் குறையும். அதற்காக எல்லோருக்கும் ஆறு என்பதும் சரியில்லை. எலும்பு இல்லாத இடத்தில் எண்ணிக்கைக்காகத் திருகுவது கேடு. திருகுகள் நெருங்கினால் இடையில் பிரஷ் நுழையாது. என் கணக்கில், தூர தேசத்தில் மேல்தாடைக்குச் சிகிச்சை பெறுபவருக்கு, எலும்பு அனுமதித்தால், ஐந்தாவது ஆறாவது திருகுக்குக் கொடுக்கும் பணம் வீணல்ல. அவரால் ஒரு தோல்வியைச் சரிசெய்ய அடுத்த வாரம் திரும்பி வர முடியாது. கீழ்த்தாடைக்கு நான்கு, சில நேரம் இரண்டு, போதும்.

விலைத்தாளில் வராத இன்னொரு செலவு எலும்பு. நிலையான பல்வரிசைக்குத் திருகின் தலையிலிருந்து எதிர்ப்பல் வரை பெரும்பாலும் 12 முதல் 15 மில்லிமீட்டர் உயரம் தேவை. பல் இருக்கும்போதே எடுத்துவிட்டு வைக்கிறவர்களுக்கு அந்த இடம் இருக்காது. ஆகவே எலும்பின் மேல்விளிம்பைச் சில மில்லிமீட்டர் சீவித் தட்டையாக்குவார்கள். சிரிக்கும்போது செயற்கை ஈறும் சொந்த ஈறும் சந்திக்கும் கோடு உதட்டுக்குள் மறைய வேண்டும் என்பதற்காகவும் சீவுவது உண்டு. காரணத்தோடு செய்தால் இது தேவையான வேலை. ஆனால் சீவிய பிறகு சிகிச்சை தோற்றால், சாதாரண பல்செட் பிடித்து நிற்பதற்கான மேடும் குறைந்துபோயிருக்கும். ‘எவ்வளவு எலும்பைச் சீவுவீர்கள், தோற்றால் அடுத்த வழி என்ன?’ என்று அறுவை சிகிச்சைக்கு முன்பே கேட்பது நோயாளியின் உரிமை. இதற்கு நேரடியாகப் பதில் சொல்லாத இடத்தை விட்டு வந்துவிடலாம்.

மேல்தாடையில் எலும்பே இல்லாதவர்களுக்குக் கன்னத்து எலும்பில் ஊன்றும் நீளத் திருகுகள் உள்ளன. இவற்றையும் பிரோனமார்க்தான் கொண்டுவந்தார். நீளம் 30 மில்லிமீட்டரிலிருந்து 50க்கு மேல். திறமையான கையில் அற்புதமாகப் பலன் தருபவை. ஆனால் தோற்றால் சைனஸ் தொற்று, கண்குழி அருகே காயம் என்று விளைவும் பெரிது. அவசரப் பயணத்தில், முன்பின் தெரியாத ஊரில் செய்துகொள்ளும் வேலை இது அல்ல. எலும்பு ஒட்டி, சைனஸின் அடியை உயர்த்தி, மாதக்கணக்கில் காத்திருந்து வழக்கமான திருகு வைப்பது பழைய வழி. பொறுமை இருந்தால் இன்றும் நல்ல வழி. சைனஸ் உயர்த்திய பிறகு உடனே விமானம் ஏறாமல் இருக்கச் சொல்வார்கள். பயணத் தேதியை அதற்கேற்பப் போட வேண்டும்.

இந்தியாவில், குறிப்பாகத் தமிழ்நாட்டு விளம்பரங்களில், ‘மூன்றே நாளில் நிரந்தரப் பல்’ என்று வருவது பெரும்பாலும் பேஸல் இம்ப்ளான்ட். எலும்பின் அடிப்பகுதியிலும் மறுபக்கத்திலும் உள்ள கெட்டிப் படலத்தைப் பிடித்து நிற்கும் ஒற்றைத்துண்டுத் திருகுகள். எட்டு, பத்து என்று நிறைய வைத்து மூன்றாம் நாளே பல்வரிசையைச் சிமென்ட் வைத்து ஒட்டிவிடுவார்கள். எலும்பு குறைந்தவர்களுக்கு இதில் நல்ல பலன் கண்ட டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் வழக்கமான இரண்டுதுண்டு இம்ப்ளான்ட்டுக்கு இருக்கும் அளவு நீண்டகாலச் சான்று இதற்கு இல்லை. வெளிநாட்டில் வாழ்பவருக்கு அதைவிட முக்கியமான தடை ஒன்று உண்டு. ஒட்டிய பல்வரிசையைக் கழற்றுவது கடினம். ஒரு திருகில் கோளாறு என்றால் டொரன்டோவிலோ சிட்னியிலோ உள்ள டாக்டர் பெரும்பாலும் கைவைக்கவே மாட்டார். உள்ளூரிலேயே இருந்து, வைத்தவரிடமே போய்வரக்கூடியவர் இதை யோசிக்கலாம். விமானத்தில் திரும்பிப் போகிறவர் யோசிக்காமல் இருப்பதே மேல்.

பல்லின் பொருள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உள்ளே உலோகச் சட்டமும் வெளியே அக்ரிலிக் பல்லுமான வரிசை மலிவு, எடை குறைவு. தேயும், தெறிக்கும், ஆனால் எங்கும் ஒட்டலாம். ஒரே கட்டியிலிருந்து கடைந்தெடுத்த ஜிர்கோனியா பளபளப்பாக இருக்கும், கறை பிடிக்காது, தேயாது. விரிசல் விட்டால் பழுது பார்க்க முடியாது, புதிதாகச் செய்ய வேண்டும். ஜிர்கோனியா எடுப்பவர் அந்த வரிசையின் டிஜிட்டல் வடிவக் கோப்பைக் கையோடு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு ஊரில் அதை வைத்தே மறுபடி கடைந்துகொள்ள வழி உண்டு. இரவில் பல்லைக் கடிக்கும் பழக்கம் உள்ளவர் எதை எடுத்தாலும் நைட் கார்டு போட்டே தூங்க வேண்டும்.

இனி நாடுகள். ஹங்கேரியில் மோசோன்மாக்யாரோவார் என்ற சிற்றூர் ஆஸ்திரிய எல்லையை ஒட்டி இருக்கிறது. அங்குள்ள பல் மருத்துவர்களின் எண்ணிக்கை ஊரின் மக்கள் தொகைக்குச் சற்றும் பொருந்தாது. எல்லை திறந்த பிறகு வியன்னாவிலிருந்து வந்த நோயாளிகளால் வளர்ந்த ஊர் அது. மெக்சிகோவின் லாஸ் அல்கோடோனெஸ் இன்னும் விசித்திரம்: சில ஆயிரம் பேர் வாழும் எல்லையூரில் நூற்றுக்கணக்கான பல் மருத்துவர்கள். அரிசோனாவில் குளிர்காலத்தைக் கழிக்கும் அமெரிக்க, கனடிய முதியவர்கள் கலிபோர்னியா பக்கம் காரை நிறுத்திவிட்டு நடந்தே எல்லை தாண்டிப் போய், பல் பார்த்துக்கொண்டு மாலையில் திரும்பிவிடுவார்கள். இந்த இரண்டு ஊர்களின் மலிவு விலையை எல்லோரும் பேசுகிறார்கள். அவற்றின் உண்மையான பலம் தூரம். திருகு தளர்ந்தால் வியன்னாக்காரர் மறுநாள் காரில் போய்விடலாம். அரிசோனாவில் குளிர்காலம் தங்குபவர் ஆண்டுதோறும் அதே டாக்டரைப் பார்க்கிறார். இஸ்தான்புல்லுக்கோ அன்டாலியாவுக்கோ ஒரு வாரம் போய்வரும் லண்டன்காரருக்கு இந்தச் சாதகம் இல்லை. அங்கே திறமையான டாக்டர்கள் இல்லை என்பதல்ல பிரச்சினை. ஒரு வாரச் சிகிச்சைத் தொகுப்பில், ஒன்பதாவது மாதத்தில் வரும் கோளாறுக்கு இடமில்லை.

சென்னை பற்றித் தமிழர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். லண்டன், டொரன்டோ, சிட்னி, சிங்கப்பூர் என்று வாழும் நம்மவர்கள் ஊருக்கு வரும்போது பல் வேலையையும் முடித்துக்கொள்வது பல காலமாக நடக்கிறது. இதில் அசலான பலம் ஒன்று உண்டு. இவர்கள் எப்படியும் திரும்ப வருவார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கல்யாணம், கோயில், பெற்றோர் என்று வந்தே தீருபவருக்குச் சென்னை டாக்டர் தூரத்து டாக்டர் அல்ல. மொழி தெரியும், வலியைத் தாய்மொழியில் சொல்லலாம், அண்ணனோ தங்கையோ கூட வந்து உட்காருவார்கள். பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. மூன்று வார விடுமுறையில் முகூர்த்தத்துக்கு முன் பல் வேண்டும் என்று நாமே அவசரப்படுத்துகிறோம். ‘பத்தாம் தேதி ரிசப்ஷன் டாக்டர்’ என்று கேட்டால், முடியாது என்று சொல்லும் டாக்டர் ஒரு நோயாளியை இழக்கிறார். சரி என்பவர் எலும்பு திருகோடு ஒன்றுவதற்கான காலத்தை விழுங்குகிறார். அந்த ரிசப்ஷனுக்குத் தற்காலிகப் பல்செட்டோடு நின்றால் ஒன்றும் குறைந்துவிடாது.

டாக்டரைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் இம்ப்ளான்ட்டுக்கென்று தனி எம்.டி.எஸ். (பல் மருத்துவ முதுநிலை) பிரிவு கிடையாது, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும்கூட அது அங்கீகரிக்கப்பட்ட தனித் துறை அல்ல. ஆகவே ‘இம்ப்ளான்டாலஜிஸ்ட்’ என்ற பலகை எதையும் நிரூபிக்காது. செயற்கைப் பல் துறையில் எம்.டி.எஸ். படித்தவர் ஒருவரும், ஈறு அல்லது தாடை அறுவை சிகிச்சைத் துறையில் படித்தவர் ஒருவரும் சேர்ந்து பார்க்கும் இடம் நல்லது. மாநில பல் மருத்துவ கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று பார்க்கலாம். அதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டு: ஐந்து ஆண்டுக்கு முன் நீங்கள் முழுத் தாடை வைத்த ஒருவரோடு பேச முடியுமா? அன்றே எடுத்த சிரிக்கும் படங்கள் எல்லோரிடமும் இருக்கும்.

காலக்கணக்கு எளிது. திருகோடு எலும்பு ஒன்ற கீழ்த்தாடைக்கு மூன்று நான்கு மாதம், மேல்தாடைக்கு ஆறு மாதம் வரை. எனவே நிலையான பல்வரிசை என்றால் குறைந்தது இரண்டு பயணம். முதல் பயணத்தில் வைப்பது தற்காலிகப் பல், மென்று தீர்க்க அல்ல. இந்த மாதங்களில் இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம், கஞ்சி, மசித்த கீரை. முறுக்கும் கறியெலும்பும் கிடையாது. வலி இல்லாததால் பலர் இதை மீறுகிறார்கள்; பல் கம்பீரமாக இருக்க, அடியில் திருகு ஒன்றாமலே ஆடிவிடுகிறது. இன்னும் சிலர், வாயில் பல் வந்துவிட்டதே என்று இரண்டாம் பயணத்தையே தள்ளிப்போட்டு, சில மாதத்துக்கென்று செய்த தற்காலிகப் பல்லோடு ஆண்டுக்கணக்கில் வாழ்கிறார்கள்.

உடல்நிலை இதை எல்லாம் மாற்றிவிடும். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் இம்ப்ளான்ட்டின் முதல் எதிரிகள். எலும்பு அடர்த்திக்கு அலென்ட்ரோனேட் போன்ற மாத்திரையோ, ஜோலெட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் போன்ற ஊசியோ எடுப்பவர் அதை மறைக்கக் கூடாது. பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பே ஆறாமல் அழுகும் ஆபத்து உண்டு. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவரும் அதை மறைக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் விலை சொல்பவர் இவற்றைக் கேட்கவில்லை என்றால், அவருக்கு நம் வாய் தெரியும், நம்மைத் தெரியாது.

பிறகு பராமரிப்பு. இயற்கைப் பல்லைச் சுற்றி உணர்வுள்ள ஒரு நார்த்திசு இருக்கிறது. இம்ப்ளான்ட்டைச் சுற்றி அது இல்லை. ஆகவே அதைச் சுற்றி ஈறு வீங்கி எலும்பு கரைந்தாலும் வலிக்காமலே போகலாம். ஈறு நோயால் பல்லை இழந்தவருக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். வீட்டில் தினமும் பல்வரிசைக்கு அடியில் தடித்த நூலையும் வாட்டர் ஃப்ளாஸரையும் விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். அதன் அடிப்பக்கம் குழிவாக இல்லாமல் வழவழப்பாக, குவிந்து இருந்தால்தான் இது முடியும். நிரந்தரப் பல்லை மாட்டும் முன் அதைக் கையில் வாங்கி அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்ப்பது நல்லது.

டாக்டரிடம் நடக்கும் சுத்தம் வேறு வகை. பல்வரிசையின் மேல் நான்கு இடங்களில் பல் நிறத்தில் அடைத்திருக்கும் பொட்டுகளைச் சிறிய டிரில்லால் திறப்பார். உள்ளே குழாய் வேலைக்குப் பயன்படுத்தும் அதே வெள்ளை டெஃப்லான் டேப் சுருட்டித் திணிக்கப்பட்டிருக்கும். அதைக் கொக்கியால் இழுத்தால் அடியில் திருகின் தலை தெரியும். அந்தத் தலையில் பொருந்தும் டிரைவர் கையில் இருந்தால் நான்கையும் கழற்றி, வரிசையைத் தூக்கி, கழுவி, திருகுகளைப் புதிதாக மாற்றி, அளவிட்ட முறுக்கோடு இறுக்கி, மறுபடி அடைத்துவிடுவார். ஒரு மணி நேர வேலை. டிரைவர் பொருந்தவில்லை என்றால் அந்த வேலையே நடக்காது. ஒரு கம்பெனியின் டிரைவரும் திருகும் பெரும்பாலும் இன்னொன்றுக்குப் பொருந்தாது. சுவிட்சர்லாந்தின் ஸ்ட்ராமன், நோபல் பயோகேர், கொரியாவின் ஆஸ்டெம் போன்ற பெயர்களுக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் இருக்கும் முதல் நியாயம் இதுதான்: உலகின் பெரும்பாலான நகரங்களில் அவற்றின் உதிரிப் பாகங்கள் கிடைக்கும். அந்தப் பெயரும் நமது ஊர் டாக்டரிடம் புழங்குவதாக இருந்தால் இன்னும் நல்லது. பயணத்துக்கு முன்பே அவரிடம் கேட்டுவிடலாம்: ‘இந்தக் கம்பெனி என்றால் நீங்கள் பார்ப்பீர்களா?’ சிலர் மறுப்பார்கள். இன்னொருவர் செய்த வேலையில் கைவைத்தால் அதன் பொறுப்பு தம் தலையில் விழும் என்ற அவர்களின் அச்சத்தில் காரணம் இருக்கிறது. பார்க்கிறேன் என்று சொல்லும் ஒருவர் கிடைத்த பிறகே டிக்கெட் போட வேண்டும்.

‘வாழ்நாள் கேரண்டி’ என்று அச்சிட்ட அட்டையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அது பெரும்பாலும் திருகுக்கு மட்டும். பல்லுக்குச் சில ஆண்டுகள்தான். ஆண்டுதோறும் அதே மருத்துவமனைக்கு வந்து காட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும், விமானச் செலவு நோயாளியுடையது என்ற வரியும் அடியில் சிறு எழுத்தில் இருக்கும். அட்டையைவிட மதிப்புள்ளவை, ஒவ்வொரு திருகின் பெட்டியிலிருந்தும் உரித்து ஒட்டிய, கம்பெனி பெயர், அளவு, தொகுப்பு எண் உள்ள ஸ்டிக்கர்கள். அவற்றோடு சிபிசிடி கோப்பும், பல்வரிசை மாட்டிய நாளில் எடுத்த எக்ஸ்ரேயும். இவற்றை விமானம் ஏறும் முன் கையில் வாங்கிவிட வேண்டும். ஊருக்கு வந்து கேட்டால் கிடைக்காமலும் போகலாம்.

இந்தக் காகிதம் எதுவும் இல்லாமல் ஏற்கெனவே சிகிச்சை முடித்துத் திரும்பியவர்கள் நம்மிடையே நிறையவே இருப்பார்கள். அவர்களும் எதுவும் ஆடத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எக்ஸ்ரேயில் திருகின் வடிவம், மரை, கழுத்து ஆகியவற்றைப் பார்த்து எந்தக் கம்பெனி என்று ஊகிக்க அனுபவமுள்ள டாக்டரால் முடியும். வைத்த மருத்துவமனைக்கு அவர் எழுதிக் கேட்டால், நோயாளி கேட்பதைவிடச் சீக்கிரம் பதில் வருவதும் உண்டு. எல்லாம் நன்றாக இருக்கும்போதே ஒரு முறை கழற்றிச் சுத்தம் செய்து, டிரைவர் அளவைக் குறித்துக்கொண்டு, இன்றைய எலும்பின் உயரத்தை எக்ஸ்ரேயில் பதிவு செய்து வைத்தால், அடுத்த ஆண்டு அதோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தொடக்கப் புள்ளி கிடைத்துவிடும்.